கரும்புத் தோட்டமும் தேயிலை மலையும்: கடல் கடந்த தமிழருக்காகப் பாடியவர்கள்



மனித உரிமை என்றதும் நம் நினைவு ஐ.நா. சபைக்கும் நீதிமன்றத்துக்கும்தான் போகும். பாட்டுக்கும் கதைக்கும் அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். கடல் கடந்து கூலி வேலைக்குப் போன நம் மக்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அந்த வேலை சிறியதல்ல என்பது விளங்கும்.

ஆங்கிலேயர் தம் குடியேற்ற நாடுகளில் 1834-இல் அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! அதற்கு வந்ததுதான் ஒப்பந்தக் கூலி முறை. ஃபிஜித் தீவுக்கு முதல் கப்பல் 1879-இல் போயிற்று. 1916 வரை 60,000 பேருக்கு மேல் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நம் தென்னாட்டவர். 'அக்ரிமெண்ட்' என்ற சொல் அந்த உழைப்பாளிகளின் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. ஐந்து வருஷக் கட்டு. குறித்த வேலையை முடித்தால் ஆணுக்கு நாளொன்றுக்கு 1 ஷில்லிங், பெண்ணுக்கு 9 பென்ஸ். முடிக்காவிட்டால் கூலி இல்லை. வேலைக்கு வராவிட்டால் அபராதம், சிறை.

அடியேன் பாத்திர வியாபாரி. எங்கள் தொழிலில் ஒருவர் பேச்சுத் தவறினால் நஷ்டத்தைக் கேட்போம், பஞ்சாயத்து வைப்போம். ஆளையே ஜெயிலுக்கு அனுப்புகிற ஒப்பந்தம் எந்தக் கடைத்தெருவிலும் கிடையாது. எனவே கிர்மிட் என்பது வியாபார ஒப்பந்தமே அல்ல. மனிதனைச் சரக்காக எழுதிக்கொண்ட பேரேடு என்றே சொல்ல வேண்டும்.

நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் ஆள் ஏற்றினார்கள். அந்தப் பெண்கள் பட்ட பாடு சொல்லும் தரமன்று. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் தஞ்சம் புகுந்திருந்த மகாகவி பாரதியார் ஃபிஜியைக் கண்டவரல்லர். ஆனாலும் 'கரும்புத் தோட்டத்திலே' என்ற பாட்டைப் பாடினார். ராகமும் தாளமும் குறித்தே எழுதினார். அதாவது வாய்விட்டுப் பாடுவதற்காக. அங்கே அழுகிற பெண்களின் குரலைக் கேட்டாயா என்று காற்றையே விசாரிக்கிறார். ஹிந்தியிலும் மைதிலி சரண் குப்தர் 'கிஸான்' என்ற காவியத்தில் ஃபிஜிக்குப் போன உழவனின் கதையைப் பாடினார்.

பாட்டு பாடியதால்தான் கிர்மிட் ஒழிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1912-இல் கோகலே கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. 1915-இல் சி.எஃப். ஆண்ட்ரூஸும் பியர்ஸனும் ஃபிஜிக்கே போய் விசாரித்து அறிக்கை தந்தார்கள். 1916-இல் மாளவியா மீண்டும் தீர்மானம் கொண்டுவந்தார். 1917-இல் ஆள் சேர்ப்பது நின்றது. 1920 ஜனவரி 1 அன்று ஃபிஜியில் எஞ்சியிருந்தவர்களும் கட்டிலிருந்து விடுபட்டார்கள். ஆனால் ஒன்று பாருங்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது, சட்டசபைக்காரர்கள் படித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் வீட்டுப் பெண்ணுக்கு, அங்கே இருப்பவள் உன் தங்கச்சி என்று சொன்னது பாட்டுதான். சட்டத்துக்குச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைக் கேட்க மனசும் வேண்டும். மனசைத் திறப்பது கலைஞன் வேலை.

இனி இலங்கைக்கு வருவோம். அங்கே கங்காணி முறை. தஞ்சாவூரில் 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகையை நடத்திய கோ. நடேசய்யர், கொழும்புக்குப் போனவர், மலைநாட்டுத் தொழிலாளர் நிலையை அறிய விரும்பினார். வெளியாள் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலம் அது. என்ன செய்தார்? புடைவை வியாபாரியாக வேஷம் போட்டு, துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்! கண்டதை எழுதினார், 1931-இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் மேடைகளில் பாடினார். 1939-இல் இலங்கை அரசு தன் வேலையிலிருந்த இந்தியத் தினக்கூலிகளை நீக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அம்மையார் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டுகளில் அமைந்த பாட்டுகள். இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1935-இல், புதுமைப்பித்தன் 'மணிக்கொடி'யில் 'துன்பக்கேணி' எழுதி, திருநெல்வேலிச் சீமைப் பெண்ணொருத்தி தேயிலைத் தோட்டத்தில் சீரழிந்ததைத் தமிழகத்துக்குக் காட்டினார்.

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்பது அதன் 15-ஆம் பிரிவு. அதே 1948-இல்தான் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எண்ணிக்கை போட்டுப் பிரித்தார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நம் கர்நாடகத்திலேயே, சுள்ளியா, புத்தூர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். எங்கோ நடந்த கதை என்று நினைக்கிறோம். நமக்குப் பக்கத்து ஜில்லாவில் இருக்கிறது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வழி பிறந்தது.

பிற்காலத்தில் உலகம் பெரிதாகப் பேசியது 1971 ஆகஸ்டு 1 நிகழ்ச்சியை. வங்கதேச அகதிகளுக்காகப் பண்டிட் ரவிசங்கர் கேட்டுக்கொள்ள, ஜார்ஜ் ஹாரிசன் நியூயார்க்கில் ஒரே நாளில் இரண்டு கச்சேரிகள் நடத்தினார். டிக்கெட் வசூலாகச் சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃப்புக்குச் சேர்ந்தது. இசைத்தட்டுப் பணமோ வரிச்சிக்கலில் பல வருஷம் முடங்கிற்று. நல்ல மனசோடு நல்ல கணக்கும் வேண்டும் என்பதற்கு இது பாடம். ஆனாலும் வங்கதேசம் என்ற பெயரை உலகத்தின் வீடுதோறும் கொண்டுபோனது அந்தக் கச்சேரி. பாரதியாருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் அத்தனை பெரிய அரங்கும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. செய்த வேலை ஒன்றே.

ராமாபுரம் போன்ற ஊர்களில் இருக்கும் நாமும் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள்தாம். நமக்கு ரேஷன் கார்டு, ஓட்டு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் கிடைத்தன. அவர்களுக்கு இவை கிடைக்கத் தலைமுறைகள் ஆயின. ஆகவே ஒரு விண்ணப்பம். பொங்கல் விழா மேடையில் நம் பிள்ளைகள் சினிமாப் பாட்டு பாடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே 'கரும்புத் தோட்டத்திலே' பாட்டையும் பொருள் தெரிந்து பாடட்டும். சுள்ளியாப் பக்கமோ குடகுப் பக்கமோ தோட்டங்களில் வாழும் வயதான தமிழ்த் தாய்மார்கள் நினைவில் மலைநாட்டுப் பாட்டுகள் இருந்தால், சங்கத்து இளைஞர்கள் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். அவர்கள் காலத்துக்குப் பிறகு கேட்க ஆளிருந்தாலும் சொல்ல ஆளிருக்காது.