மெட்டாடர் வேனும் நாமக்கல் பட்டறைகளும்

சேலம், நாமக்கல் பக்கம் சந்தைக்குச் சரக்கு கொண்டு போகும் சின்ன வண்டி எதுவானாலும் அதற்குப் பெயர் 'டெம்போ'. டாடா செய்ததா, மஹிந்திரா செய்ததா என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. "ஒரு டெம்போ சொல்லி விடுங்க" என்றால் போதும், வண்டி வந்துவிடும்.

ஆனால் டெம்போ என்பது ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கம் இருந்த 'விடால் அண்ட் சோன்' என்ற கம்பெனியின் பிராண்ட் பெயர். அந்தக் கம்பெனி 1960களில் ஹானோமாக் கைக்குப் போனது, பிறகு ஹானோமாக்கே டைம்லர்-பென்ஸ் கைக்குப் போனது. கடைசியில் டெம்போ என்ற பெயர் ஜெர்மனியில் மறைந்தே போனது. அங்கே மறந்துபோன பெயரை இங்கே செவ்வாய்ப்பேட்டை மூட்டை தூக்கும் தொழிலாளி இன்றைக்கும் தினமும் சொல்கிறார். வரலாறு சில சமயம் இப்படித்தான் வேடிக்கை காட்டும்!

இந்தப் பெயர் நம் ஊருக்கு வந்த கதை 1958-ல் ஆரம்பிக்கிறது. நவல்மல் ஃபிரோடியா முன்னின்று நடத்திய பஜாஜ் டெம்போ கம்பெனி அந்த ஆண்டு 'ஹான்சீட்' என்ற மூன்று சக்கர சரக்கு வண்டியைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் பின் நான்கு சக்கர 'வைக்கிங்' வந்தது. 1969-ல் வந்ததுதான் மெட்டாடர். (மெட்டாடர் என்றால் ஸ்பெயினில் காளையைக் கொல்லும் வீரர். நம் மாடுபிடி வீரர்கள் காளையைக் கொல்வதில்லை, திமிலைப் பிடித்துத் தொங்குவதோடு சரி. ஆனால் வண்டி வாங்கியவர்களுக்குப் பெயரின் அர்த்தம் பற்றி என்ன கவலை!)

அந்தக் காலத்தில் இந்தியாவில் வண்டி வாங்குவது என்றால் கடையில் போய் சட்டை எடுப்பது மாதிரி கிடையாது. எந்தக் கம்பெனி எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதையே லைசென்ஸ் போட்டு அரசாங்கம் தீர்மானித்தது. போட்டி இல்லை. அதனால் மாடலை மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. அம்பாசடர் 1950களின் கடைசியில் வந்து 2014 வரை தயாரானது. மெட்டாடர் 1969 முதல் 2000 வாக்கில் நிற்கும் வரை ஏறக்குறைய அதே முகத்தோடு இருந்தது. மாருதி வேன் 1984-ல் வந்து, ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை ஓடியது.

இதைத் திட்டி எழுதாத பொருளாதாரப் புத்தகம் இல்லை. வாங்குபவருக்கு வேறு வழியே இல்லாமல் முப்பது வருடம் ஒரே டப்பாவை விற்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் பட்டறைப் பக்கம் இருந்து பார்த்தால் இதே விஷயம் வேறு மாதிரி தெரியும். 1975-ல் செய்த வண்டியின் கதவு 1990-ல் செய்த வண்டியில் உட்காரும். ஒரே வண்டியைப் பதினைந்து வருடம் பிரித்துக் கட்டிய மெக்கானிக்குக் கண்ணை மூடிக்கொண்டே எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்று தெரியும். காயலான் கடையில் கிடக்கும் ஒவ்வொரு செத்த வண்டியும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. வாங்கும்போது எரிச்சல் தந்த அதே குணம், பழசான பிறகு வண்டியைக் காப்பாற்றியது.

இனி மெட்டாடரின் உடம்பைப் பார்ப்போம். அந்தக் காலத்து லாரி, ஜீப்பில் எல்லாம் எஞ்சின் முன்னால் இருக்கும், ஆனால் பின் சக்கரம்தான் வண்டியைத் தள்ளும். நடுவில் ஒரு நீள ராடு ஓடும். மெட்டாடரில் முன் சக்கரமே வண்டியை இழுத்தது. அதனால் அடியில் ராடு இல்லை, பின்பக்கத் தரையைத் தாழ்வாக வைக்க முடிந்தது. கேட்க சின்ன விஷயமாக இருக்கும். ஆனால் முட்டை அட்டைகளைத் தூக்கி அடுக்குபவருக்கும், சபரிமலைக்கும் பழனிக்கும் கிளம்பும் கூட்டத்தில் முழங்கால் வலியோடு ஏறும் பாட்டிக்கும், ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளுபவருக்கும் அந்த ஒரு அடி உயரம் எவ்வளவு பெரிய விஷயம்! சரக்கு வண்டி, பள்ளி வேன், ஆம்புலன்ஸ், கல்யாண வேன் என்று ஒரே வண்டி எல்லா வேஷமும் போட்டதற்கு இந்தத் தாழ்ந்த தரை ஒரு முக்கிய காரணம்.

வரம் இருந்தால் சாபமும் இருக்கும் அல்லவா? எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், வண்டியை இழுக்கும் ஆக்ஸில் எல்லாமே முன்பக்கம் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக் கொண்டு இருந்தன. எஞ்சின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மூடிக்குக் கீழே. சேலத்து சித்திரை வெயிலில் அந்த மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பூர் கணவாய் ஏறுவது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து கொள்ளுங்கள். முன் டயர்தான் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதால் அது சீக்கிரம் தேயும். ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்தால் முழுசாக ஒடித்துத் திருப்பும்போது கட கடவென்று சத்தம் வரும். மேடு ஏறும்போது பாரம் பின்னால் சாயும், முன் சக்கரத்தின் மேல் எடை குறையும். பின்னால் அதிக பாரத்தோடு மழை நாளில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் முன் சக்கரம் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். அப்போது ஆட்களை இறக்கி நடக்க விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அதன் எஞ்சின் கதைதான் இன்னும் சுவாரசியம். 1980களில் டைம்லர்-பென்ஸ் உரிமம் பெற்று, அவர்களுடைய ஓ.எம்.616 என்ற நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர் டீசல் எஞ்சினை பஜாஜ் டெம்போ இங்கே செய்தது. ஜெர்மனியில் மெர்சிடிஸ் 240டி காரில் ஓடிய அதே குடும்பத்து எஞ்சின். ஆக, தக்காளிக் கூடையோடு லீ பஜாருக்குள் நுழைந்த வேனுக்குள் துடித்தது பென்ஸ் இதயம்! அதில் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. பம்ப், நாசில், ஹீட்டர் பிளக், அவ்வளவுதான். பேட்டரி இறந்து போனாலும் நாலு பேர் தள்ளினால் வண்டி கிளம்பிவிடும். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் பெட்ரோல் செலவு தாங்காத அம்பாசடர், ஜீப் சொந்தக்காரர்கள் பலர் பழைய எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு மெட்டாடர் எஞ்சினை மாற்றிக் கொண்டார்கள். வேன் நின்று போன பிறகும் அந்த எஞ்சின் குடும்பம் டிராக்ஸ் ஜீப்களில் தொடர்ந்தது. அதனால் எஞ்சின் பாகங்களுக்கு மட்டும் பஞ்சம் வரவில்லை. மற்ற பாகங்களுக்கு சென்னை புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது.

இதையெல்லாம் செய்ய ஆள் வேண்டுமே. அங்கேதான் நாமக்கல் வருகிறது.

நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ல். அதற்கு வெகு காலம் முன்பே, சேலம் மாவட்டத்தில் இருந்தபோதே, அது லாரி ஊர். கரூர் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறது, நாமக்கல் லாரிக்குக் கட்டுகிறது. கம்பெனியில் இருந்து வருவது வெறும் சேஸிஸ்தான். எஞ்சின், சக்கரம், சட்டம், அதன் மேல் ஒரு ஸ்டியரிங். டிரைவர் ஹெல்மெட் மாட்டி, முகத்தில் துணி சுற்றிக்கொண்டு அதைத் திறந்தவெளியில் ஓட்டி வருவதை ஹைவேயில் பார்த்திருப்பீர்கள். அது பட்டறைக்குள் நுழைந்தால் தச்சர், கொல்லர், வெல்டர், டிங்கர், எலக்ட்ரீஷியன், சீட் தைப்பவர், பெயிண்டர் என்று ஒவ்வொரு கையாக மாறி முழு லாரியாக வெளியே வரும். பக்கத்தில் திருச்செங்கோடு போர்வெல் வண்டிகளுக்குப் பெயர் போனது. அந்த ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. சங்ககிரியும் லாரி ஊர்தான். சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளும் நாமக்கல்காரர்கள் கையில் நிறைய உண்டு. மழை குறைந்த மேட்டுக்காட்டு விவசாயத்தை மட்டும் நம்ப முடியாத குடும்பங்கள் சக்கரத்தை நம்பின என்று சொல்லலாம்.

வெறும் சேஸிஸில் இருந்து முழு லாரி செய்யத் தெரிந்த ஊருக்கு, துருப்பிடித்த வேனின் தரைத் தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு வைப்பது பெரிய வேலையா என்ன? கதவு கீல் போனால் லேத்தில் புஷ் கடைந்து போடலாம். சிலிண்டர் தேய்ந்தால் ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போடலாம். ரேடியேட்டர் ஒழுகினால் பற்றவைக்கலாம். "பார்ட்ஸ் இல்லை" என்ற பதில் இங்கே கடைசியாகத்தான் வரும்.

இதன் அருமை 1980களின் நடுவில் தெரிந்தது. அரசாங்கம் கதவைக் கொஞ்சம் திறந்துவிட, டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸ்ஸான், ஸ்வராஜ் மஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி என்று நான்கு ஜப்பானியக் கூட்டணிகள் இலகு ரக வண்டியோடு வந்து இறங்கின. பார்க்க அழகு, ஓட்ட சுகம். மெட்டாடர் பக்கத்தில் நின்றால் தாத்தா மாதிரி தெரியும். ஆனால் 1985-க்குப் பிறகு ஜப்பானிய யென்னின் மதிப்பு கிடுகிடுவென்று ஏறியது. அங்கிருந்து வரவேண்டிய பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. ஆல்வின் நிஸ்ஸான் மஹிந்திரா கைக்குப் போனது. டி.சி.எம். டொயோட்டா 1990களில் டேவூ கைக்குப் போனது. பாகங்களை உள்ளூரிலேயே செய்யக் கற்றுக்கொண்ட ஐஷரும் ஸ்வராஜும் நின்றன. 1986-ல் வந்த டாடா 407 எல்லோரையும் தாண்டி ஓடியது, அது இங்கேயே வடிவமைத்த வண்டி. வண்டியின் ஆயுள் ஷோரூமில் இல்லை, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்தான் இருக்கிறது என்பதை அந்தப் பத்து வருடம் காட்டிவிட்டது.

இப்போது கொஞ்சம் கணக்கு. (பயப்பட வேண்டாம், சுருக்கம்தான்.) வாடகைக்கு ஓடும் வண்டிக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 30 சதவீதம் தேய்மானம், மீதி மதிப்பின் மேல் கழிப்பது வழக்கம். 1 லட்ச ரூபாய் வண்டி என்று வையுங்கள். முதல் வருட முடிவில் 70,000. இரண்டாம் வருடம் 49,000. பத்தாவது வருடம் 2,825 ரூபாய். பதினைந்தாவது வருடம் 475 ரூபாய்! ஒரு பழைய ஸ்டெப்னி டயர் கூட அந்த விலைக்கு வராது. ஆனால் அந்த 475 ரூபாய் வண்டிதான் ஒரு குடும்பத்தின் வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் ஃபீஸையும் கட்டுகிறது. அதற்குச் செய்த ரிப்பேர் எல்லாம் லாப நட்டக் கணக்கில் செலவாகப் போய்விடும். போன வருடம் எஞ்சின் கட்டியதும், கிளட்ச் பிளேட் மாற்றியதும், டிங்கரிங் செய்ததும் வண்டியின் மதிப்பில் ஒரு பைசா ஏறாது. கணக்கு எழுதும் முறையில் தப்பில்லை. அது பட்டறையைப் பார்க்காத முறை, அவ்வளவுதான்.

பழைய வண்டிக்காரரின் உண்மையான பயம் எஞ்சின் மேல் இல்லை, எஃப்.சி. மேல்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து வண்டி ஓடத் தகுதி என்று கொடுக்கும் அந்தச் சான்று இல்லாமல் வாடகை வண்டி ரோட்டில் இறங்க முடியாது. எஃப்.சி.க்கு முதல் வாரம் பட்டறைகளில் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே, பொங்கலுக்கு வெள்ளையடிப்பது மாதிரி இருக்கும். பெயிண்டுக்கு அடியில் இருப்பது தகடா பட்டியா என்பது வேறு விஷயம். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், பழைய வண்டி ஓட்டுபவர்கள் எல்லோரும் உத்தமர்கள் இல்லை. பிரேக்குக்குச் செலவு செய்யாமல் பெயிண்டுக்குச் செலவு செய்த வண்டியால் போன உயிர்களும் உண்டு. புகை இன்னொரு குற்றச்சாட்டு, அதுவும் நியாயமானதே. 2000-ல் நாடு முழுவதும் புகைக் கட்டுப்பாட்டு விதி இறுக்கப்பட்டது, 2020-ல் பி.எஸ்.6 வந்தது. ஓ.எம்.616 மாதிரி எஞ்சின் எல்லாம் அந்தப் பரீட்சையை நினைத்தும் பார்க்க முடியாது.

2021-ல் பழைய வாகனக் கழிப்புக் கொள்கையை மத்திய அரசு அறிவித்தது. 15 வருடம் ஆனால் வண்டி ஒழிந்தது என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அது முழு உண்மை இல்லை. அரசு வண்டிகளுக்குத்தான் 2023 ஏப்ரல் முதல் 15 வருடத்துக்கு மேல் பதிவைப் புதுப்பிப்பதில்லை. டெல்லியில் தனி விதி. மற்றவர்கள் எஃப்.சி. வாங்கினால் ஓட்டலாம். ஆனால் அந்த எஃப்.சி.யின் விலை ஏறிவிட்டது. 15 வருடம் தாண்டிய லாரி, பஸ்ஸுக்கு 2022 ஏப்ரல் முதல் 1,500 ரூபாய்க்குப் பதில் 12,500 ரூபாய் என்று ஆனது. 2025 நவம்பரில் மறுபடியும் உயர்த்தி அறிவித்தார்கள். கட்டணம் வண்டியின் வயதைப் பார்த்துப் போடப்படுகிறது. பிரேக் லைனிங் போன மாதம் மாற்றியதா, தரைத் தகடு புதுசா என்பதெல்லாம் அந்த ரசீதில் வராது.

மெட்டாடரை இன்று ரோட்டில் பார்ப்பது அபூர்வம். அதைப் பிரித்துக் கட்டிய பட்டறைகள் வேறு வண்டிகளுக்கு மாறிவிட்டன. இப்போது வரும் வண்டியில் ஒரு சென்சார் பழுதானால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஸ்கேனரை எடுக்க வேண்டியிருக்கிறது. நாமக்கல் பையன்கள் அதையும் கற்றுக்கொண்டு வருகிறார்கள். லேத்தில் கடைந்து போட முடியாத பாகம் அந்த சென்சார் ஒன்றுதான், அதற்கு மட்டும் இன்னும் கம்பெனி பார்சலுக்காகக் காத்திருக்கிறார்கள்.