தி பர்சூட் ஆஃப் ஹேப்பினஸ் (திரைப்படம்)

தி பர்சூட் ஆஃப் ஹேப்பினஸ் 2006-இல் வெளிவந்த அமெரிக்க வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படம். தங்க இடமில்லாமல் சிறு மகனோடு சான் பிரான்சிஸ்கோ நகரில் அலைந்துகொண்டே பங்குத் தரகர் வேலைக்குப் பயிற்சி பெற்ற கிறிஸ் கார்ட்னரின் வாழ்க்கையைத் தழுவியது. இத்தாலிய இயக்குநர் கேப்ரியேலே முச்சினோ இயக்கினார். திரைக்கதை ஸ்டீவன் கான்ராட். கார்ட்னராக வில் ஸ்மித்தும், மகன் கிறிஸ்டோபராக வில் ஸ்மித்தின் சொந்த மகன் ஜேடன் ஸ்மித்தும் நடித்தனர். கொலம்பியா பிக்சர்ஸ் 2006 டிசம்பர் 15 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியிட்டது. படத்தின் நீளம் 117 நிமிடங்கள்.

தலைப்பு

அமெரிக்க விடுதலைப் பிரகடனம் (1776) வாழ்வு, சுதந்திரம் ஆகியவற்றோடு மகிழ்ச்சியைத் தேடுவதையும் மனிதரின் உரிமையாகக் குறிப்பிடுகிறது. தலைப்பு அங்கிருந்து வந்தது. ‘ஹேப்பினஸ்’ என்ற ஆங்கிலச் சொல் மட்டும் எழுத்துப் பிழையோடு இருக்கிறது. ‘ஐ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒய்’. மகனை விட்டுச் செல்லும் குழந்தைகள் காப்பகத்தின் வெளிச்சுவரில் அப்படித்தான் எழுதியிருக்கும். அதைத் திருத்தச் சொல்லிக் கார்ட்னர் நச்சரிப்பது படத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெபர்சன் மகிழ்ச்சி என்று நிறுத்தாமல் அதைத் தேடுவது என்று ஏன் எழுதினார் என்ற யோசனையும் பின்னர் கார்ட்னருக்கு எழுகிறது.

கதைச் சுருக்கம்

ஆண்டு 1981. எலும்பின் அடர்த்தியைக் காட்டும் கருவிகளை விற்கும் உரிமைக்காகக் குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் கார்ட்னர் போட்டுவிடுகிறார். எக்ஸ்ரேயைவிடச் சற்றே தெளிவான படம் கிடைக்கும், விலையோ இரு மடங்கு. மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். வாடகையும் வரியும் பாக்கி நிற்கின்றன. இரட்டை நேர வேலை பார்த்துச் சலித்துப்போன மனைவி லிண்டா (தாண்டி நியூட்டன்) நியூயார்க் போய்விடுகிறார். மகன் தகப்பனிடம் இருந்துவிடுகிறான். தன் தந்தையை முதன்முதலாகப் பார்த்தபோது கார்ட்னருக்கு வயது 28. தன் பிள்ளைக்கு அந்த நிலை வரக்கூடாது என்பது அவர் எடுத்த முடிவு.

ஒருநாள் சிவப்பு ஃபெராரி காரில் வந்து இறங்கியவரிடம் என்ன தொழில் என்று விசாரிக்கிறார். பங்குத் தரகர் என்று பதில் வருகிறது. டீன் விட்டர் நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறார். தேர்வு செய்யும் அதிகாரியோடு டாக்சியில் போகும்போது, அவர் கையில் இருந்த ரூபிக் கனசதுரத்தைச் சேர்த்துக் காட்டி அவர் கவனத்தைப் பிடிக்கிறார். வண்டி நிறுத்தக் கட்டண அபராதம் கட்டாததால் நேர்முகத்துக்கு முந்தைய இரவு காவலில் கழிகிறது. மறுநாள் பெயின்ட் தெறித்த உடுப்போடு அலுவலகத்துக்கு ஓடுகிறார், இடம் கிடைக்கிறது. ஆனால் ஆறு மாதப் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. இருபது பேரில் ஒருவருக்குத்தான் வேலை.

அதன் பிறகு படம் பெரும்பாலும் சில்லறைக் கணக்காகவே நகர்கிறது. வரி பாக்கிக்காக அரசு வங்கிக் கணக்கைத் துடைத்தெடுத்த பின் மிஞ்சுவது 21 டாலர் 33 சென்ட். அந்த நிலையிலும் மேலதிகாரி டாக்சிக்கு ஐந்து டாலர் கேட்டால், இல்லை என்று சொல்ல முடிவதில்லை. நேரமும் காசைப் போலவே எண்ணிச் செலவாகிறது. கழிவறைக்குப் போகும் நேரத்தை மிச்சம் பிடிக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. ஓர் அழைப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் தொலைபேசியைக் கீழே வைப்பதில்லை. வீடும் போன பிறகு, மாலையில் மகனைக் கூட்டிக்கொண்டு, தங்க இடமில்லாதோருக்கான கிளைட் தேவாலய விடுதியின் வரிசையில் ஐந்து மணிக்குள் நின்றாக வேண்டும். பிந்தினால் அன்றிரவு படுக்கை இல்லை.

இடம் கிடைக்காத ஓர் இரவில் தகப்பனும் மகனும் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கையிலிருக்கும் கருவி காலப் பயண இயந்திரம் என்றும், சுற்றிலும் டைனோசர்கள் என்றும் விளையாட்டு தொடங்குகிறது. ஒளிந்துகொள்ளக் குகை வேண்டும். அந்தக் குகைதான் நிலையத்தின் கழிவறை. தரையில் காகிதம் விரித்து மகனை மடியில் போட்டுத் தூங்கவைக்கிறார். யாரோ கதவைத் தட்டுகிறார்கள், பிடியைத் திருகுகிறார்கள். காலால் கதவை உதைத்துப் பிடித்துக்கொண்டு, பையன் விழித்துவிடாமல் காதைப் பொத்துகிறார். கண்ணீர் வழிகிறது, வாய் திறப்பதில்லை.

பயிற்சி முடியும் நாளில் அந்த ஓர் இடம் அவருக்குக் கிடைக்கிறது.

நூலும் நிஜ வாழ்க்கையும்

கிறிஸ் கார்ட்னர் 1954-இல் விஸ்கான்சின் மாநிலம் மில்வாக்கியில் பிறந்தவர். அமெரிக்கக் கடற்படையில் பணிபுரிந்தபின் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தார். குவின்சி ட்ரூப் துணையோடு எழுதிய அவருடைய நினைவுக் குறிப்பு நூல் 2006-இல், படத்துக்குச் சில மாதங்கள் முன்னதாக, இதே பெயரில் வெளிவந்தது.

படம் பல இடங்களில் நிஜத்திலிருந்து விலகுகிறது. திரையில் மகனுக்கு ஐந்து வயது. நிஜத்தில் இன்னும் டயப்பர் கட்டும் குழந்தை. காவலில் கழிந்தது ஓர் இரவு அல்ல, பத்து நாட்கள். பயிற்சிக் காலத்தில் சிறு உதவித்தொகையும் கிடைத்தது. கழிவறையில் இரவு கழித்தது உண்மை. கிளைட் தேவாலயம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நடத்திய விடுதியில் தகப்பன் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளும்படி அதன் போதகர் செசில் வில்லியம்ஸிடம் அவரே கேட்டு இடம் பெற்றார். படத்தில் போதகராக வருபவர் அதே செசில் வில்லியம்ஸ்தான்.

தயாரிப்பு

ஆங்கிலத்தில் முச்சினோ எடுத்த முதல் படம் இது. ஒளிப்பதிவு ஃபெடன் பாப்பாமைக்கேல், படத்தொகுப்பு ஹியூஸ் வின்போர்ன், இசை ஆண்ட்ரியா குவெர்ரா. படப்பிடிப்பு சான் பிரான்சிஸ்கோவிலேயே நடந்தது. கதையில் வரும் ரயில் நிலைய நுழைவாயில் ஒன்று படத்துக்காகவே கட்டப்பட்டது. பேருந்துப் பயணம், ஓட்டம், வரி கட்டுதல் எனத் தன் வாழ்க்கையைப் பகுதி பகுதியாகப் பெயரிட்டுக் கார்ட்னரின் குரல் கதை சொல்கிறது. இறுதிக் காட்சியில் தகப்பனும் மகனும் தெருவில் நடந்துபோகையில் எதிரே வந்து கடந்துசெல்பவர் நிஜக் கிறிஸ் கார்ட்னர்.

வரவேற்பு

சுமார் 55 மில்லியன் டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலகெங்கும் 300 மில்லியன் டாலருக்கு மேல் வசூலித்தது. வெளியான வார இறுதியில் அமெரிக்க வசூல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வில் ஸ்மித் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர், கோல்டன் குளோப் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அந்த ஆண்டு இரண்டையுமே தி லாஸ்ட் கிங் ஆஃப் ஸ்காட்லாந்து படத்துக்காக ஃபாரஸ்ட் விட்டேக்கர் பெற்றார்.

தகப்பன், மகன் நடிப்பு பரவலாகப் பாராட்டப்பட்டது. வறுமைக்கு விடை தனி மனிதரின் உழைப்பும் பணக்காரர் ஆவதும்தான் என்று படம் சொல்வதாகக் குறை கூறியவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் படத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது. வேலை கிடைத்ததும் கார்ட்னர் தெருக் கூட்டத்துக்குள் புகுந்து தனக்குத்தானே கை தட்டிக்கொள்கிறார். ஆனால் பயிற்சி அறையில் மீதிப் பத்தொன்பது பேர் இருந்தார்கள். கிளைட் வாசலில் ஐந்து மணி வரிசை அப்படியே நிற்கிறது.

பின்னாளில்

கார்ட்னர் 1987-இல் சிகாகோவில் கார்ட்னர் ரிச் என்ற தரகு நிறுவனத்தைத் தொடங்கினார். அதில் ஒரு பகுதிப் பங்கை 2006-இல் பல மில்லியன் டாலருக்கு விற்றார். இந்தச் செய்தியை எழுத்தில் காட்டிவிட்டுப் படம் முடிகிறது.