கிணற்றைக் கேட்காதவர்கள்

என் முன்பற்கள் இரண்டிலும் காவிக் கோடுகள் உண்டு. பாலக்கோடு பக்கத்தில் எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். பள்ளியில் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். பல் விளக்காத பிள்ளைகள் என்று எங்களைத் தனி வரிசையில் நிறுத்துவார்கள். வீட்டில் அம்மா அடுப்புக்கரியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்ப்பாள். ஈறில் ரத்தம் வரும், கறை போகாது. பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போன ஒரு மாலையில் அம்மா சொன்னாள்: "மாசமா இருந்தப்ப நான்தான் எதையோ தின்னுட்டேன். அதான் உனக்கு இப்படி."

அந்த வாக்கியத்துக்குப் பதில் தேடித்தான் இந்தக் கறையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குத் தொழில் செய்யப் போன பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே, அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் இதே கறையைப் பார்த்தார். 1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி ஊரில், புதிய ஊற்றுநீர்க் குழாய் வந்த பிறகே பிள்ளைகளின் பல் கறைபட்டது என்று பெற்றோர் அவரிடம் சொன்னார்கள். ஊர் வேறு ஊற்றுக்கு மாறியது. சில ஆண்டுகளில் அடுத்த பிள்ளைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. தண்ணீரில் மிகுந்திருந்தது ஃபுளோரைடு என்று 1931இல் வேதியியலாளர் சர்ச்சில் கண்டறிந்தார். பெற்றோர் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீரைக் கைகாட்டியிருந்தார்கள்.

நம் பக்கமும் இது புதிதல்ல. 1937இல் ஷார்ட்டும் சகாக்களும், சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளோரைடு பல்லோடு எலும்பையும் முடக்குவதை எழுதிவிட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2013இல். இடையில் 76 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில்தான் நாங்கள் வாயைப் பொத்திச் சிரிக்கக் கற்றோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. அளவாக இருந்தால் ஃபுளோரைடு சொத்தையைத் தடுக்கும். 1945இல் மிச்சிகனின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரம் குடிநீரில் பத்து லட்சத்துக்கு ஒரு பங்கு வீதம் அதைச் சேர்த்தது. பிறகு கர்ப்பிணிகளுக்கு ஃபுளோரைடு மாத்திரை வந்தது: தாய் விழுங்கினால் பிள்ளைக்குப் பல் கெட்டியாகும் என்றார்கள். அந்த வாக்குறுதியோடு மாத்திரை விற்பதை 1966இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தடுத்தது. பலனுக்குப் போதிய சான்று இல்லை. 1997இல் வெளியான ஆய்வொன்றில், கர்ப்ப காலத்தில் மாத்திரை எடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கும் எடுக்காதவர்களின் பிள்ளைகளுக்கும் சொத்தையில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஃபுளோரைடு பெரும்பாலும் முளைத்த பல்லின் மேற்பரப்பில்தான் வேலை செய்கிறது, பற்பசை போதும்.

அங்கே பிள்ளையின் பல்லுக்காகத் தாயின் வாயில் மாத்திரை. இங்கே பிள்ளையின் பல்லுக்காகத் தாயின் தலையில் பழி. இரண்டிலும் பார்வை போய் நின்ற இடம் கர்ப்பிணியின் வயிறு.

ஆனால் நிலைத்த முன்பற்களின் எனாமல் உருவாவது பிறந்து சில மாதங்களுக்குப் பிறகு. முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் குடிக்கும் தண்ணீர்தான் அதில் கறையாக எழுதப்படுகிறது. அம்மா மாசமாக இருந்தபோது தின்ற எதற்கும் என் கறையில் பங்கில்லை. ஆழ்துளைக் கிணற்றுக்குப் பங்குண்டு. அந்தத் தண்ணீரைச் சோதிக்காமல் கைப்பம்பு நட்டவர்களுக்குப் பங்குண்டு.

இதையெல்லாம் போன பொங்கலுக்கு அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அந்தத் தண்ணிய அடிச்சித் தூக்கியாந்து உனக்குக் குடுத்தவ நான்தானே?" என்றாள்.

ஆமாம், அவள்தான். பிள்ளை இடுப்பில், குடம் தலையில். வேறு தண்ணீர் எங்கே இருந்தது என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.