இலங்கைக் கடலின் செய்மதி ஆய்வு

செய்மதியிலுள்ள உணரிகள் பதியும் ஒளி, வெப்பக் கதிர்வீச்சு, ராடார் எதிரொலி ஆகியவற்றைக் கொண்டு கடலின் நிறம், வெப்பநிலை, நீர்மட்டம், அலை என்பவற்றைக் கணிக்கும் முறை. கடலுக்கென்றே அனுப்பப்பட்ட முதற் செய்மதி 1978இல் ஏவப்பட்ட சீசாட். இலங்கையில் இவ்வாய்வில் ஈடுபடும் நாரா என்னும் அரச நிறுவனம் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, களனி கங்கை கடலில் விழும் மட்டக்குளிப் பகுதியில் அது இயங்குகிறது. மேற்பரப்பு வெப்பநிலை, பச்சையம், நீர்மட்டம் மூன்றையும் சேர்த்துப் பார்த்து, சூரை மீன் கூடக்கூடிய இடங்களைப் பலநாள் படகுகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பது அதன் பணிகளில் ஒன்று.

தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் தீவின் தென்கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. அதனுடன் வரும் ஊட்டச்சத்தால் தாவரப் பிளாந்தன் பெருகிக் கடல் பச்சை பூக்கிறது. கிழக்கே ஓடும் நீரோட்டம் அந்தப் பச்சையை வங்காள விரிகுடாவுக்குள் இழுத்துச் செல்வதைக் கடல்நிறப் படங்கள் தெளிவாகக் காட்டின. ஆனால் கடல் செழிக்கும் அதே மாதங்களில்தான் வானத்தை முகில் மூடுகிறது. கடல்நிற உணரியோ முகிலை ஊடுருவாது. எனவே ஆய்வாளர் பல நாட் படங்களை ஒன்றுசேர்த்தே முழுப்படம் பெறுகின்றனர். நுண்ணலை உணரி முகிலை ஊடுருவும். எனினும் கரையை நெருங்கும்போது நிலத்தின் கதிர்வீச்சும் அதில் கலந்துவிடுகிறது. மழைக்காலத்தில் களனி கொண்டுவரும் சேறு பச்சைய அளவீட்டைப் பிழைபடுத்தும். ஆழ்கடலைவிட, வெள்ளவத்தைக் கரையில் நின்று பார்க்கும் கடலே விண்ணிலிருந்து அளக்கக் கடினமானது. இது பலரும் எண்ணிப்பார்க்காத உண்மை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியை எழுப்பிய நிலநடுக்கத்துக்கு ஏறத்தாழ 2 மணிநேரத்தின் பின் ஜேசன்-1, டோபெக்ஸ்/பொசைடன் ஆகிய உயரமானிச் செய்மதிகள் வங்காள விரிகுடாவைக் கடந்தன. திறந்த கடலில் சுனாமி அலை சுமார் அரை மீற்றர் உயரமே இருந்ததை அவை பதிந்தன. தரவைப் பகுக்கப் பல மணிநேரம் பிடித்ததால் எச்சரிக்கைக்கு அது உதவவில்லை. ஆனால் அலையின் கணித மாதிரிகளைச் சரிபார்க்கப் பெரிதும் பயன்பட்டது. கொழும்புக்குத் தெற்கே களுத்துறையில் கடல் பின்வாங்கிச் சுழித்ததைக் குவிக்பேர்ட் செய்மதி அன்றே படமெடுத்தது.

2021 மே 20 அன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றி, ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியது. எண்ணெய்ப் படலம் சிற்றலைகளை அடக்குவதால் ராடார் படத்தில் அந்த இடம் கருமையாகத் தெரியும்; பருவமழை முகிலும் அதற்குத் தடையில்லை. சிதைவைச் சுற்றிப் படர்ந்த படலத்தைச் செய்மதிகள் தொடர்ந்து காட்டியது இதனால்தான். கப்பலிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளின் கதை வேறு. சில மில்லிமீற்றர் அளவே உள்ள அவற்றைச் செய்மதியால் பிரித்தறிய முடியவில்லை. நீரோட்ட மாதிரிகள் அவை போகும் திசையைச் சொல்லின. எவ்வளவு ஒதுங்கியது என்பதைச் சரக்குவ முதலான கரைகளில் மணலைச் சலித்துத்தான் அறிய நேர்ந்தது.