பினாங்குத் துறைமுகத்தில் மூழ்கிய முத்து



நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், தன் பாட்டி தன்னைச் ‘சரியான எம்டன்’ என்று ஏசியதாகக் கூறி, அச்சொல்லின் பொருளைக் கேட்டான். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்துவிட்டு மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது என்றும், அன்று முதல் எமகாதகர்களுக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது என்றும் விளக்கினேன். அடுத்த மாதமே அக்கப்பல் நம் பினாங்குக்கும் வந்தது என்றவுடன் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. “இங்கே எதை எரித்தது?” என்றான் ஒருவன்.

அந்தக் கேள்விக்கு விடையாக இருப்பது மற்றொரு கப்பல். அதன் பெயர் ஜெம்சுக். ரஷ்ய மொழியில் அச்சொல்லுக்கு முத்து என்று பொருள். எம்டனை நினைவில் வைத்திருக்கும் நாம் இதை அறவே மறந்துவிட்டோம்.

ஜெம்சுக்கின் பணிக் குறிப்பு தொடக்கத்தில் பெருமைக்குரியதாகவே இருக்கிறது. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் நேவ்ஸ்கி கப்பல் தளத்தில் உருவாகி, 1903-இல் நீரில் இறக்கப்பட்டது. ஏறத்தாழ 3,100 டன் எடை. 120 மில்லிமீட்டர் பீரங்கிகள் எட்டு. 1905 மே மாதம் சுஷிமா கடற்போரில் ஜப்பானியர் ரஷ்யக் கடற்படையைச் சிதறடித்தபோது தப்பிய மிகச் சில கப்பல்களுள் இதுவும் ஒன்று. அரோரா, ஒலெக் ஆகிய கப்பல்களுடன் மணிலாவை அடைந்து, போர் முடியும்வரை அங்கே தடுத்து வைக்கப்பட்டது. அன்று உடன் தப்பிய அரோரா பின்னாளில் ரஷ்யப் புரட்சியின் சின்னமாகி அருங்காட்சியகமாயிற்று. ஜெம்சுக்கின் விதியோ வேறு.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும், எம்டனைத் தேடும் பணியில் அது பிரிட்டிஷாருடன் இணைந்தது. அக்டோபர் 26-ஆம் நாள் பழுதுபார்ப்புக்காகவும் கொதிகலன்களைத் துப்புரவு செய்யவும் பினாங்கில் நங்கூரமிட்டது. இங்கிருந்துதான் ஏட்டின் பக்கங்கள் கறைபடுகின்றன. கப்பல் தலைவர் செர்காசோவ் இரவில் கரைக்குச் சென்று தங்கினார். டார்பிடோக்கள் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தன. பன்னிரண்டு குண்டுகளைத் தவிர எஞ்சிய வெடிபொருள் யாவும் பூட்டிக் கிடந்தது. காவல் ஒழுங்காக இல்லை. எதிரியைத் தேடப் புறப்பட்ட கப்பல் இது!

அக்டோபர் 28, விடியற்காலை. எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர், பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்றுவதற்காக நான்காவதாகப் போலிப் புகைபோக்கி ஒன்றை நிறுத்தியிருந்தார். யாரும் தடுக்கவில்லை. ஜெர்மானியக் கொடியை ஏற்றிவிட்டு, மிக அருகிலிருந்து டார்பிடோவைச் செலுத்தினார். பீரங்கிகள் முழங்கின. ரஷ்ய மாலுமிகள் பதிலுக்குச் சில குண்டுகளைச் சுட்டும் பயனில்லை. எம்டன் திரும்பி வந்து செலுத்திய இரண்டாவது டார்பிடோ கப்பலைப் பிளந்தது. உறக்கத்திலிருந்து எழுந்தவர்களுள் ஏறத்தாழ தொண்ணூறு பேர் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

வெளியேறும் வழியில் பிரெஞ்சு நாசகாரிக் கப்பலான முஸ்கேயையும் எம்டன் மூழ்கடித்தது. ஆனால், அதில் உயிர் பிழைத்த 36 பேரை நீரிலிருந்து மீட்கவும் செய்தது. வழியில் நிறுத்திய வணிகக் கப்பல் ஒன்றின் மூலம், ஜெம்சுக் மாலுமிகளைக் காப்பாற்ற இயலாமற் போனதற்கு முல்லர் வருத்தம் சொல்லி அனுப்பினார். பாட்டிமார் சொல்லும் எம்டனுக்குள் இப்படியும் ஒருவர் இருந்தார் என்பதை மாணவர்களிடம் சொல்லாமல் விடக்கூடாது. இரு வாரங்களுக்குள், நவம்பர் 9-இல், கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனை வீழ்த்தியது.

ஜெம்சுக்கின் கதைக்கு இன்னும் ஓர் ஏடு உண்டு. அது நீதிமன்றத் தீர்ப்பு. 1915-இல் விளாடிவொஸ்தோக்கில் நடந்த விசாரணையில் செர்காசோவுக்கு மூன்றரை ஆண்டும், துணைத் தலைவர் குலிபினுக்கு ஒன்றரை ஆண்டும் சிறை விதிக்கப்பட்டன. பின்னர், பதவி பறிக்கப்பட்ட சாதாரண வீரர்களாக இருவரும் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். இத்தண்டனை போதுமா என்று என் மாணவர்கள் வெகுநேரம் வாதிட்டனர். நான் குறுக்கிடவில்லை.

இறந்த மாலுமிகளுக்கான நினைவுச் சின்னம் பினாங்கு மேற்குச் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது. ஜெரெஜாக் தீவிலும் ரஷ்யக் கல்லறை உண்டு. பள்ளி விடுமுறையில் பினாங்குக் கொடிமலைக்குச் செல்லும் பெற்றோர்கள், ஒரு அரைமணி நேரம் ஒதுக்கி மேற்குச் சாலைக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். எம்டன் என்ற சொல்லை அவர்கள் ஏற்கெனவே அறிவார்கள். ஜெம்சுக் என்ற பெயரை அங்கே நின்று சொல்லிக் கொடுக்கலாம்.