மகிழ்ச்சி (இசைத் தொகுப்பு)

'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற சென்னை சுயாதீன இசைக்குழுவின் முதல் ஆல்பம், 2018இல் வெளியானது. இயக்குநர் பா. ரஞ்சித்தும், அதற்கு முன் 'குரங்கன்' ராக் குழுவில் இயங்கிய இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடந்த முதல் கச்சேரியில் 19 பேர் மேடையேறினர். குழுவின் பெயருக்குப் பின்னணி, தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் முன்வைத்த சாதிபேதமற்றோர் என்ற அடையாளம்.

சென்னையின் கானா பாட்டை ராக், ராப் இசையோடு கலந்த இந்த ஆல்பம் குறித்த கருத்துகள் ஒன்றல்ல. சாவு வீட்டில் சட்டியும் கட்டமோளமும் அதிர வளர்ந்த கானாவுக்கு எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் எதற்கு என்பது ஒரு தரப்பு. இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாட்டாக்கியதைப் பிரச்சாரம் என்று ஒதுக்குவது இன்னொன்று. இரண்டாவது வாதம் வலுவற்றது: ராப்பும் பங்க்கும் அரசியல் பேசியே வளர்ந்தவை. முதலாவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. கானா பாடகர் தாளத்தை இழுத்தும் விட்டும் பாடுவார். டிரம்ஸின் சீரான அடி சில இடங்களில் அந்தச் சுதந்திரத்தைக் கட்டிப்போடுகிறது. மேடையில் இக்குறை அவ்வளவாகத் தெரிவதில்லை.

ஆண்களின் களமாகவே இருந்த கானாவில் தனித்துத் தெரிந்த குழுவின் பாடகி இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். குழுவுக்காக அவர் பாடிய ஐயப்பன் பாடல் 2024 நவம்பரில் சர்ச்சையானது.