முந்தியது எது, பிந்தியது எது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். விஷயம் அப்படி. பொறுமையாகப் படியுங்கள்.

வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது ஒன்றுதான். நிகழ்ச்சிகளைத் தேதி வாரியாக அடுக்கு. எது முந்தியது, எது பிந்தியது என்று தெரிந்துவிட்டால், எது காரணம், எது விளைவு என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் எச்.ஐ.வி.யோடு வாழும் கறுப்பினத் தன்பாலீர்ப்பு இளைஞர்களைப் பற்றி ஒரு பேச்சு பல காலமாக உலவுகிறது. "போதைக்குப் போனார்கள், நோயை வாங்கிக்கொண்டார்கள்" என்பதே அது. அதைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்ப்போம்.

1981 ஜூன் 5. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வார அறிக்கையில் லாஸ் ஏஞ்சலிஸ் இளைஞர்கள் ஐந்து பேரைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டது. ஐவரும் தன்பாலீர்ப்பு ஆண்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களைத் தாக்கும் ஓர் அரிய நிமோனியா அவர்களுக்கு வந்திருந்தது. எய்ட்ஸ் வரலாற்றின் முதல் பக்கம் இதுதான். ஐவரும் முகர்ந்து இழுக்கும் போதைப்பொருளைப் பயன்படுத்தியவர்கள் என்ற வரியும் அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. நடன விடுதிகளில் 'பாப்பர்ஸ்' என்ற பெயரில் குப்பிகளில் புழங்கிய நைட்ரைட் மீது சந்தேகம் விழுந்தது. நோய்க்குக் காரணமே அதுதானோ என்று சிலர் ஆராய்ந்தார்கள்.

1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மோன்தாஞே குழுவினர் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். நோய்க்குக் காரணம் கிருமி என்று தெரிந்தது. ஆனால் முதல் பக்கத்தில் விழுந்த அந்தச் சந்தேகம் பொதுப்பேச்சிலிருந்து போகவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஐவரும் வெள்ளையர்கள். அவர்களுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் மைக்கேல் காட்லீபிடம் அடுத்து வந்தவர்களில் ஒரு கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆணும் உண்டு. அவர் அந்த முதல் குறிப்பில் இல்லை. எய்ட்ஸ் என்றால் வெள்ளைக்காரத் தன்பாலீர்ப்பாளர்களின் நோய் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. எச்சரிக்கையும் உதவியும் கறுப்பினக் குடியிருப்புகளுக்குப் பிந்தியே போய்ச் சேர்ந்தன.

முந்திப் போய்ச் சேர்ந்தது சட்டம். 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. கொக்கெய்ன் தூளாகவும் வரும், புகைக்கும் கட்டியாகவும் வரும். கட்டிக்குப் பெயர் கிராக். மலிவு விலையில் ஏழைக் கறுப்பினப் பகுதிகளில் விற்றது அது. அந்தச் சட்டப்படி 500 கிராம் தூளுக்குக் குறைந்தது 5 ஆண்டு சிறை. கிராக் என்றால் அதே 5 ஆண்டுக்கு 5 கிராம் போதும். ஒரே பொருள்தான், தண்டனையில் மட்டும் நூறு மடங்கு வித்தியாசம். 2010இல்தான் இதைப் பதினெட்டு மடங்காகக் குறைத்தார்கள்.

கஞ்சாவிலும் இதே கதைதான். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கைதாவதில் கறுப்பினத்தவர் 3.73 மடங்கு அதிகம் என்று அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம் 2013இல் கணக்குக் காட்டியது. ஒருமுறை வழக்கு விழுந்தால் வேலை கிடைப்பது கடினம். அரசுக் குடியிருப்பு மறுக்கப்படலாம். வேலை இல்லையென்றால் அந்த நாட்டில் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடும் இல்லை. டாக்டர் வரவேண்டிய தெருவுக்குப் போலீஸ் வந்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இனி 2006. கிரெகோரியோ மில்லெட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள். கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆண்களிடம் மட்டும் எச்.ஐ.வி. ஏன் இவ்வளவு அதிகம்? ஊரார் சொல்லும் காரணங்கள் பன்னிரண்டை வரிசையாக வைத்துச் சோதித்தார்கள். குடியும் போதையும் அதிகம் என்ற காரணம் நிற்கவில்லை. கட்டுப்பாடில்லாத உறவு அதிகம் என்பதும் நிற்கவில்லை. நின்றவை, பிற பாலுறவு நோய்கள் அதிகமாக இருந்ததும், தொற்று இருப்பதே தெரியாமல் அல்லது மிகத் தாமதமாகத் தெரியவந்ததும்தான். 2012இல் 'லான்செட்' இதழில் வந்த அவர்களுடைய பெரிய ஆய்வும் அதே திசையில்தான் போனது. தொற்றுள்ள கறுப்பின ஆண்களுக்குக் காப்பீடும் சிகிச்சையும் மற்றவர்களைவிடக் குறைவாகவே கிடைக்கின்றன என்பதை அது எடுத்துக்காட்டியது.

எளிமையாகச் சொன்னால் இதுதான். சிறிய வட்டம். அதற்குள் ஏற்கெனவே தொற்று அதிகம், சிகிச்சை குறைவு. அந்த வட்டத்தில் இருக்கும் ஓர் இளைஞன் மற்றவர்களைவிட ஒழுங்காக இருந்தாலும் அவனுக்கு ஆபத்து அதிகம். இதே நிலை நீடித்தால் இவர்களில் இருவருக்கு ஒருவர் வாழ்நாளில் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாவார் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016இல் கணித்தது. வெள்ளை இனத் தன்பாலீர்ப்பு ஆண்களில் அது 11 பேரில் ஒருவர்.

அப்படியானால் போதையே இல்லையா? இருக்கிறது. அதை மறைப்பது வரலாறாகாது. சிலருக்கு அது நோய்க்கு முந்தியும் இருந்திருக்கும். தொற்றோடு வாழும் இளைஞர்களிடம் அதிகம் காணப்படுவது மதுவும் கஞ்சாவும். சிலர் கொக்கெய்ன், மெத் பக்கமும் போகிறார்கள். ஆனால் பலருக்கு அது வரும் இடத்தைப் பாருங்கள். இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. பரிசோதனை முடிவு கையில். வீட்டில் சொல்ல முடியாது. கறுப்பின மக்களுக்கு அடிமைக் காலத்திலிருந்து ஆறுதல் தந்தது தேவாலயம். அங்கேயும் இவனைப் போன்றவர்களைப் பாவி என்று சொல்லும் பிரசங்கத்தை அவன் கேட்டிருப்பான். வாடகை பாக்கி வேறு. இரவு தூக்கம் வராதவன் கைக்கு எட்டியதை எடுக்கிறான்.

கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. 1996 முதல் கூட்டு மருந்து இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் வைரஸ் அடங்கிவிடும். அடங்கிய நிலையில் நீடித்தால் உறவின் வழியே அடுத்தவருக்குத் தொற்றாது. ஆனால் கொக்கெய்னும் மெத்தும் பசியை மறக்கடிக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். நாள் கிழமை தெரியாதவனுக்கு மாத்திரை நேரம் எப்படித் தெரியும்? மாத்திரை தவறினால் வைரஸ் தலைதூக்கும். நோயை அவனுக்குக் கொண்டுவந்தது போதை இல்லை என்றாலும், நோயிலிருந்து அவன் மீள்வதை அது தடுக்கும்.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். வாஷிங்டனில் 'கிளப்ஹவுஸ்' என்று கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்களின் நடன விடுதி ஒன்று 1975 முதல் நடந்தது. அங்கே வந்து போனவர்கள் ஒவ்வொருவராக நோயில் விழுந்தபோது, விடுதியோடு தொடர்புடைய ரெய்னி சீக்ஸும் டாக்டர் பிரேம் டெபன் என்பவரும் 1985இல் ஒரு குழு தொடங்கினார்கள். பெயர் 'அஸ் ஹெல்பிங் அஸ்'. நமக்கு நாமே துணை என்று பொருள். தொற்றுள்ளவர்கள் கூடி உட்கார்ந்தார்கள், பேசினார்கள், உணவு, தியானம் என்று உடம்பையும் மனதையும் பேணக் கற்றார்கள். வைரஸை அடக்கும் மாத்திரை வராத காலம் அது. விடுதி 1990இல் மூடப்பட்டது. குழு நிலைத்தது.

அரசு என்ன செய்தது? 1990இல் ரயன் ஒயிட் சட்டம் வந்தது. ஏழை நோயாளிகளுக்குச் சிகிச்சையும் மருந்தும் கிடைக்க வழி பிறந்தது. பெரிய காரியம்தான். ஆனால் ஏழைகளுக்கான 'மெடிக்எய்ட்' காப்பீட்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், மிசிசிப்பி, அலபாமா, டெக்சஸ், புளோரிடா போன்ற தென்மாநிலங்கள் மறுத்துவிட்டன. புதிதாகத் தொற்று கண்டறியப்படுபவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தென்பகுதியில்தான் இருக்கிறார்கள். மனநலச் சிகிச்சைக்கும் போதை மீட்புக்கும் காப்பீடு இல்லாதவன் எங்கே போவான்?

வழி இல்லாமல் இல்லை. மெத், கொக்கெய்ன் பழக்கத்துக்கு ஒரு முறை நன்றாகப் பலன் தருகிறது. பரிசோதனையில் போதை இல்லை என்று தெரிந்தால் சிறு பரிசு. அவ்வளவுதான். கலிபோர்னியா 2023 முதல் இதைத் தன் மெடிக்எய்ட் திட்டத்திலேயே வைத்திருக்கிறது. பிரம்பைவிட ஒரு 'சபாஷ்' வேலை செய்யும் என்பது வகுப்பறையில் நின்ற எவருக்கும் தெரியும். போதைப் பழக்கம் இருக்கிறது என்பதற்காக எச்.ஐ.வி. மருந்தை மறுக்கக் கூடாது என்பதும் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்.

இப்போது அடுக்கிப் பாருங்கள். முந்தியது அலட்சியம். அடுத்தது சிறை. பிறகு தொற்று. அதன் பின்னால் தனிமை. போதை பலருக்கு அதற்கும் பின்னால்தான் வருகிறது. கடைசியில் வந்ததை முதலில் வைத்துக் கதை சொன்னால், குற்றம் முழுவதும் அந்தப் பிள்ளை தலையில் விழும், மற்றவர்கள் எல்லாம் தப்பித்துக்கொள்வார்கள்.

தேதிகளைச் சரிபார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.